விரிசல் விட்ட பாலிமர் ரிசீவர்: இன்னொன்று வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஏஆர்-15 பாலிமர் லோயர் ரிசீவர் பின்பக்கம் விரிசல் விட்டது, உங்கள் ஊழியர் என் மகளிடம் பேசிய முறை ஆகியவை குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது. அதனால்தான் இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஏஆர்-15 ரைபிளின் கீழ்ப்பாதி உடலான இந்தப் பாலிமர் (பிளாஸ்டிக் வகை) ரிசீவர் என் மகள் பெயரில் இருக்கிறது, அவள் சம்பளப் பணத்தில் வாங்கியது. தனி ரிசீவரை 21 வயது நிறையாதவருக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி டீலர் விற்க முடியாது என்பதால் பிறந்தநாள் வரை காத்திருந்து, அபிலீனில் உள்ள டீலரிடம் துப்பாக்கி வாங்குவதற்கான அரசின் 4473 படிவத்தை அவளே நிரப்பி வாங்கி வந்தாள். 59 டாலர் உங்களுக்கு, 30 டாலர் டீலருக்கு. குழல், போல்ட், டிரிகர் எல்லாம் தபாலில் வீட்டுக்கே வரும். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது அந்த ரிசீவர்தான். அதைச் செய்து விற்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சமையலறை மேசையில் பழைய போர்வையை விரித்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டினோம். துப்பாக்கியின் மேல், கீழ்ப் பாதிகளைச் சேர்க்கும் பின்பக்கத்து ஆணியை (டேக்டவுன் பின்) பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்பிரிங் தெறித்து ஓடியதும், அவள் தரையில் படுத்து டார்ச் அடித்து ஃபிரிட்ஜ் அடியிலிருந்து அதை எடுத்தாள். ரிசீவரின் பின்னால் திருகி நிற்கும், ஸ்டாக் மாட்டும் குழாயான பஃபர் டியூபை மாட்டியதும் அவள்தான். உங்கள் கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் போட்ட அளவுக்கு மேல் ஒரு பவுண்டுகூட ஏற்றாமல், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முடுக்கினாள். நான் கூடவே நின்று பார்த்தேன்.

மூன்று நாள் சுட்டோம். மொத்தம் 340 ரவுண்டு. மூன்றாவது நாள் வீட்டுக்கு வந்து துணியால் துடைக்கும்போது, டியூப் திருகி நிற்கும் வளையத்துக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். நகம் மாட்டியது. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தால், கோடு வளையத்திலிருந்து டேக்டவுன் ஆணியின் துளை வரை இறங்கியிருக்கிறது. படங்களை மூன்று முறை அனுப்பிவிட்டேன், இதோடு நான்காவது முறையாக இணைத்திருக்கிறேன்.

அப்புறம் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். போனை எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்: "டார்க் ரெஞ்ச் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? வீட்டில் அப்பா இருந்தால் போனை அவரிடம் கொடு." அவள் கொடுக்கவில்லை. எத்தனை பவுண்டு ஏற்றினாள் என்று எண்ணைச் சொன்னாள். அதற்கு அவர், "பிளாஸ்டிக் என்று தெரிந்துதானே வாங்கினாய்?" என்றார். உங்கள் விளம்பரத்தில் "அலுமினியத்துக்கு நிகரான உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டது நீங்கள். போனில் அது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டதா? அந்த அழைப்புக்குப் பிறகு அவள் உங்களோடு பேசவே மாட்டேன் என்றுவிட்டாள். அவள் சம்மதத்தோடுதான் நான் எழுதுகிறேன், கீழே அவள் கையெழுத்தும் இருக்கிறது.

இரண்டாவது முறை நான் பேசினேன். அந்த ஊழியர் மரியாதையாகவே பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் "குளோக் பிஸ்டலும் பாலிமர்தானே சார், 1982லிருந்து ஓடுகிறதே" என்றார். அது உங்களுக்கே தெரியாமல் இருக்க முடியாது. குளோக்கின் உடல் முதல் நாளே பாலிமருக்கென்று வரையப்பட்டது. ஸ்லைடு ஓடும் இடத்தில் எஃகுத் தண்டவாளங்களை உள்ளே வைத்து வார்த்திருக்கிறார்கள். நீங்கள் செய்தது என்ன? 7075-டி6 என்ற உறுதியான அலுமினியக் கலவையை அடித்துச் செய்வதற்கென்று வரைந்த உருவத்தை, அதே மெல்லிய வளையத்தோடு, அதே மரையோடு, அப்படியே பாலிமரில் வார்த்துவிட்டீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் டியூபுக்குள் இருக்கும் பஃபர் என்ற எடை பின்னால் போய் இடிக்கிறது. ஸ்டாக்கைத் தோளில் அழுத்தினாலும் துப்பாக்கியைத் தரையில் ஊன்றினாலும் டியூப் ஒரு நெம்புகோல் மாதிரி அந்த வளையத்தைத்தான் நெம்புகிறது. பாலிமரை நான் குறை சொல்லவில்லை. ஸ்டாக்கும் பிடியும் ரிசீவரும் ஒரே வார்ப்பாகச் செய்யும் பாலிமர் ரிசீவர்கள் இருக்கின்றன, அவற்றில் அந்த மரையே கிடையாது. பொருளுக்கேற்ற உருவம் வேண்டும். உங்கள் பொறியாளர்கள் அதைச் செய்யவில்லை.

"காரில் வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்றும் ஒருவர் சொன்னார். வைக்கவில்லை. வைத்திருந்தாலும், டெக்சஸில் விற்கிற பொருள் டெக்சஸ் வெயிலைத் தாங்க வேண்டாமா?

இப்போது ஃபோர்ட் வொர்த் விஷயம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. "எங்கள் சர்வீஸ் டீலர் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறார், ரிசீவரை நேரில் காட்டினால்தான் வாரண்டி" என்றீர்கள். ஜூலை மாதம், ஒரு நாள் லீவு போட்டு, ஐ-20 சாலையில் 150 மைல் ஓட்டிக்கொண்டு போனோம். திரும்பி வர இன்னொரு 150. அந்தக் கடைக்காரர் உங்களோடு ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது என்றார். பாவம், அவருக்கே தர்மசங்கடமாகிவிட்டது. ரிசீவரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை வைத்து இனி ஒரு ரவுண்டுகூடச் சுடாதே" என்று மட்டும் சொன்னார். உங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

மாற்று ரிசீவரை டீலர் வழியாகத்தான் அனுப்ப முடியும், அதற்கும் கட்டணம் நீங்களே கட்ட வேண்டும் என்றும் சொன்னீர்கள். பழுதுக்கு வந்த துப்பாக்கிக்குப் பதிலாக அதே வகைத் துப்பாக்கியை உரிமையாளருக்கே நேராக அனுப்பத் தயாரிப்பாளருக்குக் கூட்டாட்சி விதியில் இடம் இருக்கிறது. உரிமம் வைத்திருப்பது நீங்கள். இது எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதா?

என் மகள் இப்போது வேறு இடத்தில் 7075 அலுமினிய ரிசீவர் வாங்கிவிட்டாள். அதே டியூப், அதே ரெஞ்ச், அதே கை. 600 ரவுண்டு தாண்டியும் ஒரு கீறல் இல்லை. தப்பாக மாட்டினாள் என்று இனியும் சொல்வீர்களா? ஆனால் அதற்குள் கோடை முழுவதும் போய்விட்டது. சுடத் துப்பாக்கி இல்லாமல், என் மாமனாரின் வேர்க்கடலை நிலத்தைக் காட்டுப் பன்றிகள் உழுதுவிட்டன. அந்த ஒவ்வொரு ஏக்கருக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று நான் சொல்வேன்.

நான் கேட்பது இவை. ரிசீவர், டீலர் கட்டணம், பெட்ரோல் 45, என் ஒரு நாள் சம்பளம் 210, ஆக 344 டாலர். அதோடு அந்த ஊழியர் என் மகளுக்கு அவள் பெயரிட்டு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு இல்லை, அவளுக்கு. இன்னொரு பாலிமர் ரிசீவர் அனுப்பாதீர்கள், வாங்க மாட்டோம்.

நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மேல் அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் இருக்காதீர்கள். 1975இன் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. டெக்சஸ் வணிக ஏமாற்றுத் தடுப்புச் சட்டம் கேட்கும் 60 நாள் எழுத்து அறிவிப்பாக இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட், அங்கே 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே நான் வழக்குப் போடலாம். மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் ஒரு நகல் தயாராக இருக்கிறது. வழக்கு வரை போக எனக்கு விருப்பமில்லை. காசோலையும் அந்த ஒரு கடிதமும் வந்தால் போதும், விஷயம் இதோடு முடிந்துவிடும்.

விரிசல் விட்ட ரிசீவரை உறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் உங்கள் செலவில் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஃபோர்ட் வொர்த்துக்கு இனி வர மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் தந்தை
(உடன் கையெழுத்து: ரிசீவரின் உரிமையாளர்)
அபிலீன், டெக்சஸ்

இணைப்பு: படங்கள் 6, டீலர் ரசீது, ஃபோர்ட் வொர்த் கடைக்காரர் எழுதித் தந்த குறிப்பு