சாயங்காலம் 99 காட்டினால்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நாலு நாளாகச் சாயங்காலமானால் பிள்ளைக்குத் தெர்மாமீட்டரில் 99.2 காட்டுகிறது, காலையில் 97.8தான் இருக்கிறது, உள்காய்ச்சலாக இருக்குமோ என்று கேட்டாய். ஆனால் நல்லா சாப்பிடுகிறான், ஓடுகிறான், ஒண்ணுக்கு ஒழுங்காகப் போகிறான் என்றும் நீயேதான் சொன்னாய். அப்படியென்றால் அது காய்ச்சல் இல்லைம்மா.

எல்லார் உடம்பும் இப்படித்தான். விடியக்காலையில் சூடு குறைவாக இருக்கும், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் கூடும், ஒரு டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். சாதாரண உடம்புச் சூடு 98.6 என்ற கணக்கு ஜெர்மனியில் உண்டர்லிஷ் என்ற டாக்டர் 1868இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது, அதுவும் ஒரு சராசரிதான். 1992இல் அமெரிக்காவில் நோயில்லாத 148 பேருக்கு வாயில் வைத்துப் பார்த்தபோது சராசரி 98.2தான் வந்தது, அவர்களிலேயே சிலருக்கு 99.9 வரைக்கும் போயிருக்கிறது. உனக்கே மாதவிலக்குக்கு முந்தின இரண்டு வாரம் அரை டிகிரி கூடத்தான் இருக்கும், பார்த்துக்கொள்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நானும் இப்படிப் பதறியிருக்கிறேன். அப்போது நர்ஸ் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனி மாதம், சாரல் காற்று. உன் ஆச்சி உன்னை இரண்டு போர்வையில் சுற்றி, தலைக்கும் துணி கட்டி மடியிலேயே வைத்திருந்தாள். தொட்டால் சுட்டது, அக்குளில் வைத்தால் 100. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி ஓடினேன். டாக்டர் போர்வையை எல்லாம் அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார், அப்புறம் பார்த்தால் 98.4. பிள்ளை சிரிக்கிறது, நான் அழுகிறேன்.

அதனால் விளையாடிவிட்டு வந்தவுடனே, குளித்தவுடனே பார்க்காதே, அரை மணி போகட்டும். அக்குளில் வேர்வையைத் துடைத்துவிட்டு, கையை ஒட்டிப் பிடித்து, சத்தம் வரும்வரை வை. 99க்கெல்லாம் பாராசிட்டமால் கொடுக்காதே, இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுகிறேன்.

100.4 தொட்டால்தான் காய்ச்சல். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் அந்த அளவுக்கே ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இவனுக்கு நாலு வயசு, நம்பரை விட ஆளைப் பார். தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ காத்திருக்காதே. சாயங்காலச் சூட்டோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு என்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடு, அது வேறு விஷயம்.

ஒரு நோட்டில் மணியையும் சேர்த்து எழுதி வை, ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துக் காட்டு. பிள்ளை தூங்கும்போது மட்டும் எழுப்பிப் பார்க்காதே.

அம்மா