அத்தையிடம் நீயே பேசு

அன்புள்ள செல்விக்கு,

எலியின் கட்டி பச்சையாக ஒளிர்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினாயே, உன் அம்மை அதை "மகள் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா" என்று எழுதி வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் எல்லாருக்கும் தட்டிவிட்டாள். வீரவநல்லூர் அத்தைக்கும் போய்விட்டது. நேற்று போன் பண்ணி, "ஏண்ணே, நம்ம பிள்ளை செய்யுத ஊசி எப்ப இங்க வரும்? அதுவரைக்கும் கீமோவ நிப்பாட்டி வைக்கட்டுமா?" என்று கேட்கிறாள். எனக்குப் பகீரென்றது.

பாடம் நடத்திய பழக்கம், எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். அந்தப் பச்சை நிறம் மருந்து இல்லை. புற்றுச் செல்லை அழிக்க நீங்கள் மாற்றியமைக்கும் வைரசுக்குள் ஜெல்லி மீனின் மரபணுவை வைத்ததால், அது போய்ப் பெருகும் இடம் ஒளிர்கிறது, அவ்வளவுதான் என்றேன். இந்த வகையில் அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்ற டி-வெக் என்ற மருந்தைப் பற்றியும் சொன்னேன். உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ்தான் அது. நல்ல செல்லில் பெருகத் தேவையான மரபணுவை எடுத்துவிட்டு, நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மனித மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். புற்றுச் செல் வெடிக்கும், உடம்பும் விழித்துக்கொள்ளும். கேட்கவே சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மெலனோமா என்ற தோல் புற்றுக்கு, கட்டியிலேயே குத்துகிற ஊசி. உள்ளுறுப்புக்குப் பரவியதை அது கட்டுப்படுத்துவதாகவோ ஆயுளைக் கூட்டுவதாகவோ நிரூபணமாகவில்லை. அத்தைக்கு வந்திருப்பதோ மார்பில்.

எல்லாம் கேட்டுவிட்டு, "நீ பயந்தாங்கொள்ளிண்ணே, பிள்ளைகிட்டயே கேட்டுக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

அதனால் நீயே பேசு. மனசு நோகுமே என்று "வந்துரும் அத்தை" என்று மட்டும் சொல்லிவிடாதே. திரும்பத் திரும்ப வளர்த்ததில் நீங்கள் வைத்த மரபணுவையே வைரஸ் உதறிவிட்டது என்று என்னிடம் புலம்பினாயே, அதைச் சொல்லு. தனக்கு உதவாத சுமையை அது எத்தனை நாள் தூக்கும்? இன்னும் எலியைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லு. உன் வேலை சின்னதாகிவிடாது. அத்தைக்குத்தான் கீமோ நின்றுவிடக் கூடாது.

அப்புறம், கீமோவைப் பற்றி அவள் உன்னிடம் அழுதால் அழட்டும், இடையில் பாடம் நடத்தாதே. அதை நான் நடத்தியாகிவிட்டது.

வியாழக்கிழமை அவளுக்கு அடுத்த கீமோ ஊசி. புதன்கிழமைக்குள் கூப்பிடு. மத்தியானம் தூங்கிவிடுவாள், நம்ம ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்றால் தானே எடுப்பாள்.

அன்புடன்,
அப்பா
பாளையங்கோட்டை