இருபது விநாடிக்கு ஒரு மன்னிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானிய ரயில்களின் வேகத்தைப் பற்றியே பலரும் வியந்து எழுதுகிறார்கள். ஆனால், 1964இல் தொடங்கப்பட்ட ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் தடத்தில் அண்மையில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் பயணம் செய்த எனக்கோ, பயணச்சீட்டுப் பரிசோதகர் கதவருகே திரும்பி நின்று, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அனைவரையும் நோக்கித் தலைவணங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குச் சென்றதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. டோக்கியோ நிலையத்தில் துப்புரவுப் பணியாளர்கள் ஏழே நிமிடங்களில் இருக்கைகளைத் திருப்பி, பெட்டிகளைச் சுத்தம் செய்து முடித்து, நடைமேடையில் வரிசையாக நின்று வணங்குகிறார்கள். ரயில் தாமதமானால், அலுவலகத்தில் காட்டுவதற்குச் சான்றிதழே தருகிறார்கள். 2017இல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இத்தனைக்கும் பயணிகள் எவரும் புகார் செய்திருக்கவில்லை. காலை நேர டோக்கியோ நெரிசலில் மட்டும், நிமிர்ந்து நிற்கவே இடமில்லாதபோது, வணங்குவது எங்கே!

தங்கள் வாசகர்