எண்ணெயில் வளரும் குருணை

டிரெஸ்டன்,
டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே நாலு மணிக்கே இருட்டிடுது. லேசர் அறையில பகலும் ராத்திரிதான், அதனால பெரிசா தெரியல. அம்மா கொடுத்தனுப்பின பருப்புப்பொடி அடித்தட்டுக்கு வந்தாச்சு.

"அப்படி என்னத்தக் காய்ச்சற?"ன்னு கேட்டீங்க. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில நீங்க பாகு காய்ச்சற பேன்ல பார்த்த வேலையேதான். குருணை மட்டும் 5 நானோமீட்டர், கேட்மியம் செலினைடு. குவாண்டம் புள்ளின்னு பேரு.

கேட்மியம் ஆக்சைடு 60 மில்லிகிராம், ஆக்டாடெசில் பாஸ்போனிக் அமிலம் 280 மில்லிகிராம், மெழுகு மாதிரி இருந்து உருகிக் கரைப்பானா ஆகிற டோப்போ 3 கிராம். 150 டிகிரியில ஒரு மணி நேரம் வாக்குவம். ஈரம் தங்கினா மேலே சூடேத்தும்போது பொங்கித் தெறிக்கும். அப்புறம் நைட்ரஜன்ல 300க்கு மேல. செம்பழுப்புத் தூள் கரைஞ்சு நிறமே இல்லாம தெளியணும். தெளியறதுக்கு முன்னாடி அவசரப்பட்டா அந்தக் காய்ச்சல் வீண். தெளிஞ்சதும் 370 வரைக்கும் ஏத்தி, செலினியக் கரைசலை ஊசியால ஒரே அழுத்து. மெதுவா விட்டா முதல்ல பிறந்தது வளரும்போதே புதுசு பிறந்துக்கிட்டே இருக்கும், உங்க பேன்ல பொடிக் குருணை விழற மாதிரி. நீங்க தண்ணி விட்டுக் கரைச்சிடுவீங்க. எங்களுக்கு அந்த வசதி இல்ல, கேட்மியக் கழிவு டப்பாவுக்குத்தான் போகணும். சூட்டு ஊசிப் பக்குவத்தை 1993ல கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தரான பாவெண்டிக்கு 2023 வேதியியல் நோபல்ல பங்கு கிடைச்சது.

நீங்க கண்ணாடியில பாகைத் தடவி வெளிச்சத்துல பார்ப்பீங்களே, நாங்க ஒரு சொட்டை புற ஊதா விளக்குல பார்க்கிறோம். சின்னது பச்சை, பெரிசு சிவப்பு. எலக்ட்ரானுக்கு இடம் நெருங்க நெருங்க ஆற்றல் கூடும்.

ஒளிர வைக்கிறது சுலபம், லேசர் ஆக்கறதுதான் தலைவலி. ஒளி பட்டு ஒரு எலக்ட்ரான் மேலே தாவறது ஒரு கிளர்ச்சி. ஒரு குருணைக்குச் சராசரியா ஒரு கிளர்ச்சிக்கு மேல ஏத்தினாத்தான் ஒளி பெருகும். ஆனா ரெண்டு சேர்ந்தா, ஒண்ணோட ஆற்றலை மத்தது பிடுங்கிக்கும், ஒளியே வராது. பேரு ஓஜே. சாதாரணமா ஒளிர சில பத்து நானோ நொடி ஆகும். இது பல சமயம் 100 பிக்கோ நொடிக்குள்ள, அதாவது பத்துல ஒரு நானோ நொடிக்குள்ள, முடிச்சிடும். அதனாலதான் அதைவிடக் குட்டையான ஃபெம்டோ நொடி லேசர் துடிப்பால அடிக்கிறோம். மேலே தடிமனா கேட்மியம் சல்பைடு ஓடு கட்டினா ஓஜே தணியும்.

கடைசியில குருணைகளை மெல்லிய படலமா பூசுவோம். அதுல குருணை மேலே ஒட்டியிருக்கிற ஒலியிக் அமிலம் மிஞ்சினா குருணைகள் நெருங்காது, பெருக்கமும் வராது. ரொம்பக் கழுவினா வெடிப்பு விழுந்து ஒளி சிதறும். சரியா அமைஞ்சா, நிறமாலையில 30 நானோமீட்டர் அகலமா இருந்த சிவப்பு ஒளி பத்துக்கும் கீழே சட்டுனு ஒடுங்கும். ஒளி பெருகுதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம்.

கையுறை போடறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. ஞாயிறு கூப்பிடறேன்.

உங்க மகன்