விளையாட்டுத் துறை இயக்குநரைத் தேடும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுக்களுக்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இயக்குநர் பதவி காலியானதும் பெயர்பெற்ற பழைய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் யார் கிடைப்பார் என்று பார்க்கிறீர்கள். தவறில்லை. ஆனால் ஆட்டத்தை விட்டபின் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஜீன் ஸ்மித் 1973இல் தேசியப் பட்டம் வென்ற நோட்ர டேம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் வீரர். படிப்பு முடிந்ததும் அங்கேயே உதவிப் பயிற்சியாளர், பிறகு ஐபிஎம்மில் வேலை. ஈஸ்டர்ன் மிச்சிகன், அயோவா ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் என மூன்று பல்கலைக்கழகங்களில் இயக்குநராக இருந்துவிட்டுத்தான் 2005இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்தார். 2024 வரை 36 விளையாட்டுகளை நடத்தினார். ஈஸ்டர்ன் மிச்சிகன் போன்ற இடத்தில் டிக்கெட் வசூல் சொற்பம். பல்கலைக்கழகம் தரும் பணத்தை வைத்தே எல்லா அணிகளையும் ஓட்டியாக வேண்டும். சிக்கனம் அங்கேதான் பழகும்.

அவர் சறுக்கிய இடத்தையும் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட் ஃபுட்பால் வீரர்கள் விதியை மீறித் தங்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்ட விவகாரத்தை மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரெஸல் 2011 மே மாதம் விலகினார். அந்த ஆண்டு அணி சுமாராகத்தான் ஆடியது. பருவ முடிவில் நடக்கும் பவுல் போட்டிக்குப் போகமாட்டோம் என்று அப்போதே தாமாக அறிவித்திருந்தால் இழப்பு சிறியது. அறிவிக்கவில்லை. டிசம்பரில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அடுத்த ஆண்டின் பவுல் போட்டிக்குத் தடை விதித்தது. 2012இல் 12 ஆட்டங்களையும் வென்ற அணி பட்டத்துக்கு மோத முடியாமல் வீட்டில் உட்கார்ந்தது. உங்கள் வேட்பாளர் அந்த நிலையில் என்ன முடிவெடுத்திருப்பார்? நேர்காணலில் கேளுங்கள்.

2025 ஜூலை முதல் ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஃபுட்பாலில் 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கடந்த மூன்று ஆண்டு வரவுசெலவைக் கையில் கொடுத்து, இந்தப் பணம் எங்கிருந்து வரும், எந்த அணியின் செலவு குறையும், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி பெண்கள் அணிகளுக்கு உரிய பங்கு எப்படிக் காக்கப்படும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பயிற்சியாளர் ஒப்பந்தம்தான் பெரிய பள்ளம். 2023 நவம்பரில் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டது. ஒப்பந்தத் தொகை முழுக்க உறுதியளிக்கப்பட்டிருந்தது. வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளும் விதியும் இல்லை. அந்த விதியைக் கேட்டு வாங்கத் தெரிந்தவரா உங்கள் வேட்பாளர் என்று பாருங்கள். அவர் முன்பு கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை வரவழைத்து, ஆள்தேடும் நிறுவனத்தின் சுருக்கத்தை நம்பாமல், நீங்களே வரிவரியாகப் படியுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் சிலர்