விலைப் பட்டியல் போடும் மகளுக்கு

அன்புள்ள நித்யா,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை.

உங்கள் சாஃப்ட்வேருக்கு விலைத் திட்டம் பிரிக்கும் வேலை உன்னிடம் வந்திருப்பதாகப் போனில் சொன்னாய். ஆடிட் லாகும் (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு) சிங்கிள் சைன்-ஆனும் (ஒரே ஐடியில் எல்லா சாஃப்ட்வேரிலும் நுழையும் வசதி) மேல் பிளானுக்கு மட்டும்தான் என்று சேல்ஸ்காரர்கள் நெருக்குகிறார்களாமே. போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருந்தவன். கமிட்டியில் ரிப்போர்ட் எத்தனை, திரை எப்படி இருக்கிறது, விலை என்ன என்றுதான் கேட்பார்கள். லாக் எங்கே என்று கேட்க ஆள் இருக்காது. ஆகவே "கஸ்டமர் யாரும் கேட்கவில்லை" என்று நீ சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். சிங்கிள் சைன்-ஆன் இருந்தால் ஓர் இடத்தில் ஐடியை முடக்கினால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சாஃப்ட்வேராக யாராவது ஞாபகம் வைத்து எடுக்க வேண்டும். ரிலீவிங் ஆர்டரில் அந்தப் பட்டியலா இருக்கும்? ரிட்டயராகி வெகுநாளான ஒருவரின் பெயர் ஆக்டிவ் யூசர்களில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வெண்டரைக் கேட்டால், "அந்த வசதிக்கு வேற லைசென்ஸ் சார்" என்றார். சின்ன கம்பெனியிலும் ஆட்கள் வேலையை விடத்தானே செய்கிறார்கள்?

2023-ல் மைக்ரோசாஃப்டில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். 2016-ல் உருவாக்கிய ஒரு கையொப்பச் சாவியை, அதாவது நுழைவு அனுமதிக்கு முத்திரை போடும் ரகசியக் குறியீட்டை, வைத்துப் போலி டோக்கன் (நுழைவுச் சீட்டு மாதிரி) செய்து, அமெரிக்க வெளியுறவுத் துறையின் மெயிலுக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். அங்கிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில்கள் போயின. கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் இல்லை, அந்தத் துறையின் ஆட்கள். எந்த மெயில் எப்போது திறக்கப்பட்டது என்று காட்டும் லாக் அவர்களிடம் இருந்தது, ஏனென்றால் விலை கூடிய லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். சாதா லைசென்ஸ்காரர்களுக்கு அப்போது அந்த லாகே கிடையாது. வீட்டுக்குள் புகுந்த திருடனின் காலடித் தடத்தைப் பார்க்கத் தனிக் காசு! விஷயம் வெளியே வந்த பிறகு, ஜூலையில், அந்த லாகுகளைக் கூடுதல் கட்டணமின்றித் தருவதாக அறிவித்தார்கள். இது தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல் என்று அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு 2024 ஏப்ரலில் சொன்னது.

சேல்ஸ் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. லாகைச் சேமித்து வைக்க ஸ்டோரேஜ் செலவு உண்டு. அப்படியானால் வைத்திருக்கும் காலத்துக்கு விலை போடு. 6 மாதம் எல்லோருக்கும், அதற்கு மேல் வேண்டியவர் பணம் கட்டட்டும். சைன்-ஆனை அமைத்துக் கொடுக்க ஆள் நேரம் ஆகும் என்றால், முதல் தடவை மட்டும் ஒரு கட்டணம் வாங்குங்கள். மேல் பிளானில் வைக்கவா பொருள் இல்லை? டாஷ்போர்டு, தனி சப்போர்ட் எல்லாம் இருக்கிறதே, அதை விற்கட்டும்.

பட்டியல் முடிவாகும் முன் எனக்கு அனுப்பு. வாங்குகிறவன் கண்ணோடு ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா இல்லையா?

அன்புடன்,
அப்பா