ஆர்கானில் அளந்த எண்ணை ஹைட்ரஜன் உலைக்குக் கொடுக்காதீர்கள்

இரும்புத்தாதுப் பெல்லட்டுகளை (தாதுத் தூளை உருட்டிச் சுட்ட சிறு உருண்டைகளை) சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும், அந்த முடிவுகளை நம்பி உலை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நசுக்கு வலிமை, ஒடுக்கத்திறன் (தாதுவிலிருந்து ஆக்சிஜன் நீங்கி இரும்பாகும் திறன்), வீக்கம் எல்லாம் ஒவ்வொரு சரக்குக்கும் அளக்கப்படுகின்றன. வெப்பக் கடத்துதிறனுக்கு மட்டும் பழைய அட்டவணையிலிருந்து ஒற்றை எண் போதும் என்று விட்டுவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடில் ஒரு மோல் ஹேமடைட் (தாதுவில் உள்ள இரும்பு ஆக்சைடு) இரும்பாகும்போது ஏறக்குறைய 25 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஹைட்ரஜனில் அதே வேலை 99 கிலோஜூலை உறிஞ்சிக்கொள்ளும். வெளியிலிருந்து வெப்பம் வேகமாக உள்ளே போகாவிட்டால் பெல்லட்டின் நடுப்பகுதி குளிர்ந்து வினை தளர்ந்துவிடும். அதனால்தான் இந்த எண்ணில் இனி அலட்சியம் கூடாது.

லேசர் ஃபிளாஷ் முறையில் பெல்லட்டிலிருந்து அறுத்த மெல்லிய வில்லையின் ஒரு முகத்தில் லேசரைப் பாய்ச்சி, மறுமுகம் சூடாகும் வேகத்தை அளக்கிறோம். அதில் வெப்பப் பரவல் எண் (வெப்பம் பொருளுக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பது) 0.1388 × தடிமனின் வர்க்கம் ÷ பாதி உயர்வு நேரம், அதாவது மறுமுகம் தன் உச்ச வெப்ப உயர்வில் பாதியை எட்டும் நேரம். 2 மி.மீ. வில்லையில் 0.1 மி.மீ. பிசகினால் விடை 10 சதவீதம் பிசகும். ஆகவே பல இடங்களில் மைக்ரோமீட்டர் வையுங்கள். வில்லையை அறுத்ததும் துளைகளில் தங்கும் நீரை 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

பரவல் எண்ணை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் பெருக்கிக் கடத்துதிறனாக மாற்றும் இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஹேமடைட்டின் மெய்யடர்த்தி (துளைகள் இல்லாத அடர்த்தி) கன செ.மீ.க்கு 5.25 கிராம், 28 சதவீதம் நுண்துளை உள்ள பெல்லட்டின் அடர்த்தி 3.78 தான். முந்தையதைப் போட்டால் விடை 39 சதவீதம் உப்பிவிடும். தன்வெப்பத்தையும் அறைவெப்பநிலை மதிப்பில் நிறுத்தாதீர்கள், 680 டிகிரியை ஒட்டி அதில் ஒரு கூர்முனை எழும்.

லேசர் ஒளியை உறிஞ்சுவதற்காக வில்லையில் பூசும் கிராஃபைட் பூச்சு உயர்வெப்பத்தில் ஹேமடைட்டையே ஒடுக்கத் தொடங்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் வில்லையை எடைபோட்டு, காந்தம் காட்டிப் பாருங்கள். முன்பு ஒட்டாத முகம் பின்பு ஒட்டினால் நீங்கள் அளந்தது ஹேமடைட் அல்ல, அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள்.

துளைகளில் நிற்கும் வாயுவும் வெப்பம் கடத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆர்கானில் அளக்கிறோம், உலையிலோ நிற்பது ஹைட்ரஜன். அறைவெப்பநிலையில் ஆர்கானைவிட ஹைட்ரஜன் பத்து மடங்கு நன்றாகக் கடத்தும். ஹைட்ரஜன் விடக்கூடிய கருவி எல்லோரிடமும் இல்லை; ஆனால் ஹீலியம் கடத்துதிறனில் ஹைட்ரஜனுக்கு அருகில் நிற்பது, தாதுவை ஒடுக்கவும் செய்யாது. ஒரே வில்லையை ஆர்கானிலும் ஹீலியத்திலும் அளந்தாலே துளைகளின் பங்கு தெரிந்துவிடும்.

பாதி ஒடுங்கிய பெல்லட்டுகளையும் இதேபோல் அளக்க வேண்டும். உலைக்குள் அதிக நேரம் இருப்பது அவைதான். எந்த வாயு, எந்த வெப்பநிலை, எவ்வளவு நுண்துளை, எவ்வளவு ஒடுக்கம் என்ற நான்கும் எழுதப்படாத கடத்துதிறன் எண்ணை, வடிவமைக்கும் பொறியாளர்கள் ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெல்லட் சோதனைத் துறையில் பணிபுரிவோர்